கணக்கோடு போவோம்: மக்கள் பிரதிநிதியிடம் கோரிக்கையைக் கொண்டு செல்லும் வழி

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கிராமத்துக்கு வருகிறார். முன்பள்ளிக் கட்டடத்தில் கூட்டம் நடக்கிறது. மாலை போடுகிறார்கள். ஒருவர் குளத்தின் வான் உடைந்து கிடப்பதைச் சொல்கிறார். இன்னொருவர் வீட்டுத்திட்டத்தில் பெயர் விடுபட்டதைச் சொல்கிறார். ஒரு தாய் காணாமற்போன மகனைப் பற்றிச் சொல்லி அழுகிறார். வேறொருவர் வீதி விளக்கு வேண்டும் என்கிறார். உறுப்பினர் எல்லாவற்றுக்கும் தலையசைக்கிறார். அவருடன் வந்தவர் ஏழெட்டுக் கடிதங்களை வாங்கிப் பையில் வைக்கிறார். வாகனம் புறப்படுகிறது. அடுத்த மாரியில் வான் இன்னும் கொஞ்சம் உடைகிறது.

இப்படியான கூட்டங்களை எம்மில் பலர் கண்டிருக்கிறோம். வந்தவர் அக்கறை இல்லாதவர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவருடைய பையில் இருந்த கடிதங்களை எடுத்துப் பாருங்கள். "எமது குளம் பாழடைந்துள்ளது, ஆவன செய்யவும்" என்று எழுதப்பட்டிருக்கும். எந்தக் குளம், எந்தத் திணைக்களத்துக்கு உரியது, எத்தனை அடி உடைந்தது, எத்தனை குடும்பம் பாதிக்கப்பட்டது என்பன இருக்காது. அந்தக் கடிதத்தை வைத்து அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்க அவராலும் முடியாது.

கண்ணீரோடு போனால் அனுதாபம் கிடைக்கும். கணக்கோடு போனால் பதில் சொல்லியே ஆகவேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது மற்றவர்களைவிட அவசியம். ஏனென்றால் எமது காணியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் முடிவுகள் பெரும்பாலும் நாம் அங்கே இல்லாத வேளைகளிலேயே எடுக்கப்படுகின்றன.

இரணைமடு தந்த பாடம்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. அதன் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் உண்டு. காலபோகத்தில் அநேகமாக முழுவதும் விதைப்பார்கள். சிறுபோகத்தில் குளத்தில் மிஞ்சிய நீரைப் பொறுத்து ஒரு பகுதியை மட்டும் செய்வார்கள்.

2010ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களுக்கான குடிநீர்த் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் அங்கீகரித்தது. இரணைமடுவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் கொண்டு செல்வது அந்தத் திட்டத்தின் முக்கிய பகுதி. அக்காலத்தை நினைத்துப் பாருங்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. குளத்தின் கீழ் வயல் செய்த குடும்பங்களில் பல முகாம்களில் இருந்தன அல்லது அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தன. வாய்க்காலைத் துப்புரவாக்கவும் விதைநெல் தேடவும் அலைந்தவர்களுக்குத் திட்ட அறிக்கை படிக்க எங்கே நேரம்?

திரும்பி வந்தபின் கமக்காரர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: "சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத வருடங்கள் உண்டு. அந்த வருடங்களில் குடிநீருக்கு எங்கிருந்து எடுப்பீர்கள்?" இது கோபத்தில் எழுந்த கேள்வி மாத்திரம் அல்ல, கணக்குக் கேள்வி. கனகராயன் ஆற்றில் எத்தனை வருடம் எவ்வளவு நீர் வந்தது, எத்தனை வருடம் சிறுபோகம் சுருங்கியது என்ற பதிவேடுகளைப் பார்த்துத்தான் அதற்குப் பதில் சொல்லலாம். அதனால் பொறியியலாளர்களும் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியவில்லை. 2013 செப்டெம்பரில் வட மாகாண சபை தெரிவு செய்யப்பட்டதும் விடயம் சபைக்குப் போனது. கமக்காரர் அமைப்புகளும் துறைசார்ந்தவர்களும் சபை உறுப்பினர்களும் பல வருடங்கள் பேசினர்.

முடிவில் யாழ்ப்பாணத்துக்கான நீர்மூலம் மாறியது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. அது நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரத்தக்கதாக அமைக்கப்பட்டது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. யாழ்ப்பாண மக்களின் தாகமும் உண்மையானது. அங்கே கிணறுகள் உவராகிப் போவதும் தோட்டப் பசளை நிலத்தடி நீரில் கலப்பதும் பல வருடப் பிரச்சினை. தாளையடிப் பக்கத்துக் கடற்றொழிலாளரும் தங்கள் தொழில் பாதிக்கப்படும் என்று கவலை தெரிவித்தனர். ஆகவே ஒரு கோரிக்கையை முன்வைக்கும்போது அது வேறு யாரைத் தொடும் என்பதையும் நாமே முதலில் சிந்திக்க வேண்டும். மற்றவரின் தேவையை மறுக்காமல் எமது தேவையைக் கணக்கோடு சொன்னால்தான் மாற்று வழி ஒன்று பிறக்கும்.

யாரிடம் எதைக் கேட்பது?

பாராளுமன்ற உறுப்பினர் துருசைத் திருத்துபவர் அல்லர். திருத்த வேண்டியவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் உடையவர். இந்த வேறுபாடு தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

முதலில், உங்கள் பிரச்சினை யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள். 80 ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை வயல் உள்ள சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதைவிடப் பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதிலும் மத்திக்கு உரியவை, மாகாணத்துக்கு உரியவை என்று பிரிவு உண்டு. உள்ளூர் வீதி, பொதுக்கிணறு, சந்தை, வடிகால் போன்றவை பிரதேச சபையின் வேலை. காணி உத்தரவுப் பத்திரம் பிரதேச செயலகத்தின் வேலை.

அடுத்து, யார் உங்கள் பிரதிநிதிகள் என்று பாருங்கள். பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 6 பேரும், வன்னியில் 6 பேரும், மட்டக்களப்பில் 5 பேரும், திருகோணமலையில் 4 பேரும் தெரிவானார்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்கும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னிக்குள் அடங்கும். எமது விகிதாசார முறையில் ஓர் உறுப்பினர் ஓர் ஊருக்கு மட்டும் உரியவர் அல்லர். மாவட்டம் முழுவதற்கும் எல்லோரும் உரியவர்கள். ஆகவே நீங்கள் வாக்களிக்காத கட்சியின் உறுப்பினரிடமும் போகலாம். இடம்பெயர்ந்தவர்கள் தாம் தற்போது வசிக்கும் மாவட்டத்து உறுப்பினரிடமும், காணி இருக்கும் மாவட்டத்து உறுப்பினரிடமும் போகலாம்.

மாகாண சபை என்ற படி நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்ததையும் மறக்கக் கூடாது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன்பின் பல வருடங்களாகத் தேர்தல் இல்லாமல் ஆளுநர்களே நிர்வாகத்தை நடத்தினர். பிரதேச சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. பக்கத்து வீதியில் குடியிருக்கும் பிரதேச சபை உறுப்பினரை முதலில் கூட்டிச் சென்று இடத்தைக் காட்டுங்கள். அவருக்குக் குளத்தைத் திருத்தும் அதிகாரம் இல்லாவிட்டாலும், மேலே பேசுவதற்கு ஒரு சாட்சி கிடைக்கும்.

பொறியியலாளரின் பங்கு

கமக்காரருக்குக் குளம் தெரியும். எந்த மூலையில் கட்டு கசிகிறது, எந்த மழைக்கு வான் பாயும் என்பது அவர் அனுபவம். பொறியியலாளருக்கு அந்த அனுபவத்தை அளவாக மாற்றத் தெரியும். இருவரும் சேர்ந்து குளக்கட்டில் நடக்க வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மீள்குடியேறிய 42 குடும்பங்கள். ஒரு சிறு குளம். அதன் கீழ் 60 ஏக்கர் வயல். குளம் நிறைந்தால் நீர் பரவும் நிலம் ஏறத்தாழ 40 ஏக்கர். வான்கட்டின் மேற்பகுதி ஓர் அடி உடைந்துவிட்டது. பார்வைக்கு அது சிறிய உடைவு. கணக்கைப் பாருங்கள். 40 ஏக்கர் பரப்பில் ஓர் அடி நீர் தேங்காமல் ஓடிவிடுகிறது என்றால் ஏறத்தாழ 40 ஏக்கர்-அடி நீர் இழக்கப்படுகிறது. சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர்-அடி வரை வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், உடைந்துபோன அந்த ஓர் அடி பத்து ஏக்கர் சிறுபோகத்துக்குச் சமம். ஆவியாகிப் போவதையும் கசிந்து போவதையும் கழித்தாலும் எட்டு ஏக்கருக்குக் குறையாது. "வான் உடைந்துள்ளது" என்ற வசனம் யாரையும் அசைக்காது. "ஓர் அடி கட்டுக்காக எட்டு ஏக்கர் நெல்லை வருடா வருடம் இழக்கிறோம்" என்ற வசனத்தை உறுப்பினர் சபையிலே சொல்லலாம்.

இந்த அளவை யாரிடம் கேட்பது? கமநல சேவை நிலையத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களின் விவசாய, பொறியியல் பீடங்களிலும் உதவக்கூடியவர்கள் உண்டு.

ஒன்றை மனதில் வைத்திருங்கள். அரச சேவையில் உள்ள பொறியியலாளர் தாபன விதிக்கோவைக்குக் கட்டுப்பட்டவர். அவரை உங்கள் மனுவில் கையொப்பமிடும்படி வற்புறுத்தாதீர்கள். அது அவரைச் சங்கடத்தில் மாட்டும். அவரிடம் கேட்க வேண்டியது மதிப்பீடு: என்ன வேலை, எவ்வளவு செலவு, எந்த மாதத்துக்குள் முடிக்கலாம். ஓய்வுபெற்றவரும் தனியார் துறையில் இருப்பவரும் வெளிப்படையாகப் பேசலாம், உங்களோடு சந்திப்புக்கும் வரலாம்.

பொறியியலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் முப்பது பக்க அறிக்கை எழுதினால் அதை உறுப்பினர் படிக்கமாட்டார். ஒரு பக்கத்தில், கமக்காரரின் மொழியில் எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், மதிப்பாகச் சொல்வதை மதிப்பு என்றும் எழுதுங்கள். ஒரு எண்ணை ஊதிப் பெருப்பித்தால், திணைக்களம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முழு மனுவையும் தள்ளிவிடும்.

ஒரு பக்க மனு

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். முன்பு சொன்ன கூட்டத்தில் அழுத தாயின் துயரம் குளத்தைவிடச் சிறியது அல்ல. அதனால்தான் அதற்கென்று தனியான மனுவும் தனியான நாளும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் எதுவும் நிற்காது.

மேலே சொன்ன உதாரணத்துக்கு மனு இப்படி அமையலாம்:

"……… குளம், ……… கிராம அலுவலர் பிரிவு. கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது. பயன்பெறும் குடும்பங்கள் 42. வயல் 60 ஏக்கர்.

வான்கட்டு ஓர் அடி உயரத்துக்கு உடைந்துள்ளது. இடம்பெயர முன் சிறுபோகத்தில் 15 ஏக்கர் செய்தோம். இப்போது 5 ஏக்கரே செய்கிறோம்.

……… திகதி கமநல சேவை நிலையத்தில் கடிதம் கொடுத்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து மதிப்பீடு செய்தார். நிதி இல்லை எனப் பதில் வந்தது. பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன.

எமது கோரிக்கை: மாரிக்கு முன் இந்த வேலைக்கு நிதி ஒதுக்கப்படுமா என்று உரிய அமைச்சரிடம் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றுத் தரும்படி வேண்டுகிறோம்."

கடைசி வசனத்தைக் கவனியுங்கள். "ஆவன செய்யவும்" என்று அதில் இல்லை. யார், யாரிடம், எதைக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. தலைவர், செயலாளர் கையொப்பத்துடன் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலை இணையுங்கள். ஒரு படமும் போதும். உடைவுக்குப் பக்கத்தில் ஒருவர் அளவுத்தடியோடு நிற்கட்டும்.

ஆவணம் இல்லையே என்று தயங்காதீர்கள். இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்த குடும்பங்களுக்கும் வழி உண்டு. பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். பழைய வாக்காளர் இடாப்பு, கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பு, பயிர்ச்செய்கைக் கூட்டத் தீர்மானம், உரமானியப் பட்டியல், கூட்டுறவுச் சங்கப் பற்றுச்சீட்டு என்பனவும் சான்றாக உதவும்.

எப்போது, எங்கே?

மாரி தொடங்கிய பின் குளத்தைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை. மண்வேலைக்கு வறட்சிக் காலம் வேண்டும். அதற்குரிய நிதி அதற்கு முந்திய வரவு செலவுத் திட்டத்தில் சேர வேண்டும். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக ஆண்டின் இறுதிப் பகுதியில் சமர்ப்பிக்கப்படும். ஒவ்வோர் அமைச்சின் செலவும் குழுநிலை விவாதத்துக்கு வரும் நாளில் உறுப்பினர்கள் அந்தத் துறை பற்றிப் பேசுவர். ஆகவே உங்கள் மனு சிறுபோக அறுவடை முடியும் காலத்திலேயே அவர்களுடைய கையில் இருக்க வேண்டும்.

வாய்மூல விடைக்கான வினா, ஒத்திவைப்புவேளைப் பிரேரணை என்பனவும் பாராளுமன்றத்தில் உறுப்பினருக்கு உள்ள வழிகள். பாராளுமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்வியும் அமைச்சரின் பதிலும் ஹன்சாட்டில் பதிவாகும். அமைச்சர் சொன்ன பதில் பின்னர் உங்களுக்கு ஆதாரம்.

ஊரளவில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என இரண்டு கூட்டங்கள் உண்டு. உறுப்பினர்களும் திணைக்களத் தலைவர்களும் ஒரே மேசையில் இருக்கும் இடம் அது. உங்கள் விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கூட்டத்துக்கு முன்பே பிரதேச செயலகத்தில் அல்லது கச்சேரியில் எழுத்தில் கேளுங்கள்.

சந்திப்பு நாளில்

மூன்று அல்லது நான்கு பேர் போதும். விடயத்தைச் சொல்ல ஒருவர், அளவுகளைச் சொல்ல பொறியியலாளர் அல்லது கணக்குத் தெரிந்த ஒருவர், குறிப்பெழுத ஒருவர். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். குடும்பத் தலைமை தாங்கும் பெண்கள் பல வயல்களை நடத்துகிறார்கள். கூட்டத்தில் மட்டும் அவர்களைப் பின்வரிசையில் இருத்துவது நியாயம் இல்லை.

பத்து நிமிடந்தான் கிடைக்கும் என்று எண்ணிப் பேசிப் பழகுங்கள். "என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளாமல், "எந்தத் திகதிக்கு முன் கேட்பீர்கள்? நாங்கள் யாரோடு தொடர்பு கொள்ள வேண்டும்?" என்று கேளுங்கள். ஒரு கிழமைக்குள் நன்றிக் கடிதம் எழுதுங்கள். அதில் அவர் சொன்னதை அப்படியே குறிப்பிடுங்கள். அதே மனுவை மற்றைய கட்சி உறுப்பினர்களுக்கும் கொடுங்கள். அப்படிக் கொடுத்ததை யாருக்கும் மறைக்க வேண்டாம். கட்சிக்கு ஒரு கூட்டமாக ஊர் பிரிந்தால் குளம் திருந்தாது. பணமோ அன்பளிப்போ எவருக்கும் கொடுக்க வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை.

பதில் வராவிட்டால்

ஒரு கொப்பி வாங்குங்கள். கொடுத்த கடிதம், திகதி, வாங்கியவர் பெயர், கிடைத்த பதில் யாவும் அதில் இருக்கட்டும். கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எந்தப் பிரசையும் அரச அலுவலகத்தில் உள்ள தகவலைக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு உண்டு. "எமது குளத்தின் மதிப்பீடு எப்போது மேலே அனுப்பப்பட்டது? நிதி எந்த வருடத்தில் கேட்கப்பட்டது?" என்ற இரண்டு கேள்விகளே பல கோப்புகளை எழுப்பிவிடும்.

பாராளுமன்றத்தில் பொதுமனுக்கள் பற்றிய குழு என்று ஒன்று உண்டு. அதற்குரிய மனுவை உறுப்பினர் ஒருவர் ஊடாகவே சமர்ப்பிக்க வேண்டும். அரச உத்தியோகத்தரின் செயலால் அநீதி நேர்ந்தால், நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு, அதாவது ஒம்புட்ஸ்மனுக்கு, நேரடியாகவும் எழுதலாம்.

வர்த்தமானியைப் பார்க்க ஒருவர்

2025 மார்ச் 28ஆம் திகதி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி பற்றி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோரப்படாத காணிகள் அரச காணியாக்கப்படும் என்பது அதன் பொருள். உறுதியைத் தொலைத்தவர்களுக்கும், வேறு மாவட்டத்திலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்கும் மூன்று மாதம் எம்மட்டு? பொதுமக்களும் தமிழ்ப் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். விடயம் பாராளுமன்றத்திலும் எழுந்தது. உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யப்பட்டது. ஜூன் மாத இறுதியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அந்த அறிவித்தலைக் கைவிட்டது.

அந்த மூன்று மாதங்களில் யாரும் வர்த்தமானியைப் படித்திராவிட்டால் என்ன நடந்திருக்கும்? ஆகவே ஒவ்வொரு முகாமிலும், ஒவ்வொரு மீள்குடியேற்றக் கிராமத்திலும் ஒரு பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். உயர்தரம் படிக்கும் ஒருவர் மாதத்தில் ஒரு நாள் கிராம அலுவலரின் அறிவித்தல் பலகையையும் வர்த்தமானியையும் பார்த்துவிட்டு, எமது ஊரின் பெயர் வந்திருக்கிறதா என்று கூட்டத்தில் சொல்லட்டும்.

இந்தக் கிழமையே தொடங்கலாம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தைக் கூட்டுங்கள். ஊரில் மிக அவசரமான ஒரு விடயத்தைத் தெரிவு செய்யுங்கள். மற்றவற்றை மறக்காமல் வரிசைப்படுத்தி எழுதி வையுங்கள். ஊருக்குப் போகக்கூடியவர்கள் ஒரு கயிறும் அளவுத்தடியும் எடுத்துக்கொண்டு போய்க் குளக்கட்டில் நடவுங்கள். இன்னும் போக முடியாதவர்கள் மூத்தவர்களை இருத்தி, வயலின் எல்லைகளையும் வாய்க்கால்களையும் யாருக்கு எத்தனை ஏக்கர் என்பதையும் நினைவிலிருந்து கீறி, கொப்பியில் பதியுங்கள். அந்த மூத்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். நாளை எமது காணியைப் பற்றி யாரோ எங்கோ முடிவெடுக்கும்போது, நாம் அங்கே இல்லாவிட்டாலும் எமது கணக்கு அந்த மேசையில் இருக்கட்டும்.